டிராக் ரேஸ்: ஸ்டார்ட்டிலேயே பின்தங்குகிறேன், எப்படிப் பழகுவது?

கொருக்குப்பேட்டை155 எழுதியது:

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். எனக்கு 22 வயது, கொருக்குப்பேட்டை. வண்டி யமஹா ஆர்15 வி3, முழுக்க ஸ்டாக், அதாவது கம்பெனி கொடுத்தபடியே, செயின் ஸ்பிராக்கெட் செட் மட்டும் சமீபத்தில் புதுசாகப் போட்டேன். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் அடுத்து டிராக் மீட் (இரண்டிரண்டு வண்டியாக நேர்கோட்டில் ஓட்டுகிற பந்தயம்) அறிவித்தால் 165 சிசி நான்கு ஸ்ட்ரோக் பிரிவில் பெயர் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பிரச்சினை ஸ்டார்ட்தான். ஒரு டிராக் டேயில் ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் ஆர்பிஎம் அப்படியே கீழே விழுந்து வண்டி திணறுகிறது, சரி மெதுவாக விடலாம் என்றால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, பக்கத்து லேன்காரன் அதற்குள் இரண்டு வண்டி நீளம் முன்னால் போய்விடுகிறான். நான்காவது கியரில் நான் அவனை நெருங்குகிறேன், ஆனால் அதற்குள் முடிவுக் கோடு வந்துவிடுகிறது. நண்பர்கள் எல்லோரும் எக்ஸாஸ்ட் மாற்று, ஃபில்டர் மாற்று, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரீமேப் பண்ணு என்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை வருகிறது, அவ்வளவு காசை வண்டியில் போடுவதா, இல்லை முதலில் கையைப் பழக்குவதா? கையைத்தான் என்றால் எங்கே, எப்படி? நம்ம ஏரியாவில் எந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தாலும் கண்டெய்னர் லாரிதான் நிற்கிறது.


ஸ்டேஜ்லைட் எழுதியது:

தம்பி, காசு பத்திரமாக இருக்கட்டும். நீயே பதிலைச் சொல்லிவிட்டாய், நான்காவது கியரில் அவனை நெருங்குகிறாய் என்றால் உன் இன்ஜின் அவனுடையதற்குக் குறைந்தது இல்லை. நீ நேரத்தை விடுகிறது எல்லாம் முதல் 60 அடியில், அதாவது கோட்டிலிருந்து 18 மீட்டருக்குள். அதனால்தான் டிராக் ஓட்டுகிறவர்கள் முழு நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் 60 அடி நேரத்தைப் பார்க்கிறார்கள். அங்கே 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைல், அதாவது 402 மீட்டர் முடியும்போது அது 0.15, சில சமயம் 0.2 விநாடியாகக்கூட வளர்ந்து நிற்கும் என்பது பழைய கணக்கு. 155 சிசி வண்டியில் எக்ஸாஸ்ட் மாற்றி அந்த அளவு நேரம் குறைப்பது சுலபமில்லை.

இப்போது ஸ்டார்ட்டுக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். உன் வண்டி முழு சக்தியைத் தருவது 10,000 ஆர்பிஎம்மில். வால்வை மாற்றுகிற விவிஏ 7,400-இல் விழிக்கிறது, மீட்டரிலேயே காட்டும். அதற்குக் கீழே ஆர்பிஎம் விழுந்தால் திணறத்தான் செய்யும், அது வண்டியின் குறை இல்லை. முதல் கியரில் 8,000 ஆர்பிஎம் என்பது சுமார் 30 கிலோமீட்டர் வேகம். கோட்டில் நிற்கும்போது வேகம் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்கும் 30-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்புவது கிளட்ச் ஒன்றுதான். அதை அரைகுறையாகப் பிடித்து வழுக்கவிட்டு, ஆர்பிஎம்மை 7,500-க்கும் 8,500-க்கும் நடுவில் வைத்துக்கொண்டே முதல் ஏழெட்டு மீட்டர் போக வேண்டும், வண்டியின் வேகம் இன்ஜினைப் பிடித்த பிறகுதான் லீவரை முழுசாக விட வேண்டும். நீ இப்போது செய்கிற இரண்டும் இரண்டு ஓரம், வேண்டியது நடுவில் இருக்கிறது.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆர்பிஎம் விழுகிற மாதிரி தெரிந்தால் ஆக்ஸிலேட்டரைக் கூட்டுவது, ஏறினால் குறைப்பது என்று வலது கையால் சரிசெய்யப் பார்ப்பார்கள். வேண்டாம். வலது கை திறந்தபடி அசையாமல் இருக்கட்டும், ஏற்ற இறக்கத்தை எல்லாம் இடது கை பார்த்துக்கொள்ளட்டும். விழுந்தால் லீவரை ஒரு நூல் உள்ளே இழு, ஏறினால் ஒரு நூல் விடு. ஆக்ஸிலேட்டரை மூடினால் அது திரும்ப எழும்பி வர நேரம் எடுக்கும், கிளட்ச் உடனே கேட்கும்.

வீட்டிலேயே செய்கிற பயிற்சி சொல்கிறேன். கீழ் பார்க்கிங்கில், சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாமல், இன்ஜினை ஐடிலில் வைத்து முதல் கியர் போடு. ஆக்ஸிலேட்டரைத் தொடாதே. லீவரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து ரொம்ப மெதுவாக விடு. ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாகக் கனக்கும், முன் ஃபோர்க் கொஞ்சம் எழும்பும், வண்டி நகரப் பார்க்கும். அங்கேயே நிறுத்திப் பிடி. அதுதான் கிளட்ச் கடிக்கிற இடம். திரும்ப உள்ளே இழு, திரும்ப அதே இடத்துக்கு வா. கண்ணை மீட்டரில் வைக்காதே, தூரமாகச் சுவரில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே செய். விரல் தானாக அந்த இடத்தில் போய் நிற்கிற வரைக்கும் இதையே செய், தினமும் கொஞ்ச நேரம் போதும். கிளட்ச் கேபிளை யாராவது இறுக்கினாலோ தளர்த்தினாலோ அந்த இடம் மாறிவிடும், அதனால் பழகின பிறகு கேபிளில் கை வைக்க விடாதே.

உடம்பும் முக்கியம். இடது கால் தரையில், வலது கால் ஃபுட்பெக்கில் பின் பிரேக்கைத் தொட்டபடி. இடுப்பை டேங்கோடு ஒட்டி முன்னால் வா, மார்பு டேங்க் மேல், முழங்கை மடங்கியபடி. கை நீட்டி விறைப்பாக உட்கார்ந்தால் வண்டி பாயும்போது உன் உடம்பு பின்னால் போகும், கை அதோடு சேர்ந்து ஆக்ஸிலேட்டரை இழுக்கும். இரண்டாவது கியர் விழுந்ததும் இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தலையை விண்ட்ஷீல்டுக்குக் கீழே இறக்கிவிடு, கோடு தாண்டும் வரை எழும்பாதே. காற்று உன்னைப் பிடித்து இழுப்பது வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. நம்மிடம் இருப்பது 19 குதிரை சக்தி, அதில் ஒன்றைக்கூட தலையைத் தூக்கிக் காற்றுக்குக் கொடுக்க முடியாது.

கியர் மாற்றுவது 10,000-ஐக் கொஞ்சம் தாண்டி. சரியாக 10,000-இல் மாற்றினால் அடுத்த கியரில் ஆர்பிஎம் ரொம்பக் கீழே போய் உட்காரும். லிமிட்டரைத் தொடும் வரைக்கும் இழுக்கவும் வேண்டாம், தொட்டால் நேரம் போச்சு.


நைட்ரைடர்_எண்ணூர் எழுதியது:

இவ்வளவு தியரி எதுக்கு ப்ரோ. ராத்திரி 2 மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வா, நேராக நீளமாக இருக்கு, நாலு பேர் சேர்ந்து ஓட்டினால் ஒரே வாரத்தில் பழகிடும்.


டிரெய்லர்காரன் எழுதியது:

நான் ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை, துறைமுகத்துக்கும் மணலிக்கும் டிரெய்லர் ஓட்டுகிறவன். மேலே எழுதினதைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை. தம்பி நைட்ரைடர், ராத்திரி 2 மணிக்கு அந்த ரோடு காலி என்று யார் சொன்னது? எங்கள் வேலையே ராத்திரியில்தான். துறைமுகக் கேட்டுக்குள் போக வரிசையில் நிற்போம், டயர் பஞ்சரானால் ஓரத்தில் நிற்போம், பின்னால் ரிஃப்ளெக்டர் மங்கிப்போன வண்டியும் அதில் இருக்கும். 40 அடி கண்டெய்னர் ஏற்றித் திரும்பும்போது இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். அந்த நேரத்தில் கண்ணாடியில் தெரியும் ஒற்றை லைட் 40-இல் வருகிறதா 120-இல் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. 120 என்றால் ஒரு விநாடிக்கு 33 மீட்டர். நீ என்னைப் பார்த்து பிரேக்கில் கை வைப்பதற்குள்ளேயே அது முடிந்துவிடும். லாரியிலிருந்து கொட்டின மணலும் கரித்தூளும் வேறு ரோட்டில் கிடக்கும்.

என் பையனும் இந்த வயசுதான், அவனிடமும் வண்டி இருக்கிறது. அதனால் கேட்கிறேன், தயவுசெய்து யாரும் அங்கே போகாதீர்கள்.


ஸ்டேஜ்லைட் எழுதியது:

அண்ணே, நன்றி. இதை ஓட்டுகிறவர்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் உறைக்கும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னொன்று. பொது ரோட்டில் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அடுத்த தடவை ஒரு வருடம், 10,000 வரை. ஓட்டினது 18 வயது ஆகாத பையன் என்றால் 199ஏ பிரிவில் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மாட்டுவார், 25,000 அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ரோட்டில் நீ எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே 60 அடி நேரம் தெரியாது, விளக்கு விழுந்து நீ கிளம்ப எவ்வளவு நேரம் என்கிற ரியாக்‌ஷன் தெரியாது, ஒவ்வொரு தடவையும் தரை வேறு. பக்கத்தில் ஓட்டினவனை ஜெயித்தோமா என்பது மட்டும்தான் தெரியும், அவன் தப்பாக ஸ்டார்ட் எடுத்தாலும் நீ ஜெயித்ததாகத்தான் நினைப்பாய்.


வியாசர்பாடி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

வண்டி பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

முதலில் ஆயில். ஆர்15 கிளட்ச் ஆயிலுக்குள் ஓடுகிற கிளட்ச், அதனால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிற பைக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். விலை குறைவு என்று கார் ஆயில் ஊற்றி எடுத்து வருகிறார்கள், அதில் வழுக்கலுக்காகச் சேர்க்கிற பொருள் இருந்தால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்றே சொல்ல முடியாது, நீ மாதக்கணக்கில் பழகினாலும் கை ஏமாறும்.

இரண்டாவது சூடு. ஸ்டேஜ்லைட் சொன்ன மாதிரி கிளட்ச்சை வழுக்கவிட்டால் பிளேட் சூடாகும். தொடர்ந்து நாலைந்து ஸ்டார்ட் எடுத்துவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுவருவார்கள், கவரைக் கழற்றினால் இரும்புத் தட்டு முழுக்க நீலம் பூத்துக் கிடக்கும், ஃபைபர் பிளேட் கண்ணாடி மாதிரி பளபளப்பாகியிருக்கும், ஆயிலை மோந்து பார்த்தால் கருகின வாடை. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெல்லாம் சரிசெய்ய முடியாது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அதனால் இரண்டு ஸ்டார்ட் எடு, அப்புறம் வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிடு, லீவரில் பிளே (தளர்வு) கூடியிருக்கிறதா பார், பிறகு அடுத்தது. சென்னை வெயிலில் மதியம் ஓட்டினால் இன்னும் அதிக நேரம் விட வேண்டும்.

டயர் பற்றி எல்லோரும் காற்றைக் குறை குறை என்பார்கள். பெரிய வண்டிக்கு அது சரி, பின் டயர் தரையைக் கவ்வ வேண்டும். 155 சிசி நல்ல தரையில் டயரைச் சுழற்றுகிற அளவுக்குச் சக்தி உள்ளது இல்லை, ரொம்பக் குறைத்தால் டயர் அமுங்கி உருள்வதற்கே இன்ஜின் உழைக்கும். கம்பெனி அளவிலிருந்து இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மேல் இறக்காதே. செயின் தொய்வு மேனுவலில் சொன்ன அளவு, இறுக்கமாக வைத்தால் வேகம் வரும் என்பது தப்பு.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் பின்னால் மூன்றரை பல் ஏற்றின மாதிரி, ஸ்டார்ட் சுலபமாகும். ஆனால் ஸ்டாக் பிரிவில் அதை விடுவார்களா என்று விதிமுறையைப் படித்துவிட்டுச் செய். பெட்ரோல் முழு டேங்க் நிரப்பாதே, லிட்டருக்கு முக்கால் கிலோ, 11 லிட்டர் என்றால் எட்டு கிலோவுக்கு மேல். அதற்காக ரிசர்வுக்கும் இறக்காதே.


கொருக்குப்பேட்டை155 எழுதியது:

அண்ணா எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எண்ணூர் ரோட்டுக்கெல்லாம் போக மாட்டேன், அண்ணன் கவலைப்பட வேண்டாம். கார் ஆயில் ஊற்றவில்லை, ஆனால் கேபிளை நானே அடிக்கடி திருகிக்கொண்டிருந்தேன், இனி தொட மாட்டேன்.

இன்னொரு சந்தேகம். லைட். பச்சை விழுந்ததும் விட்டால் லேட்டாகிறது, முன்னாடியே விட்டால் சிவப்பு விழுந்து ஓட்டமே போச்சு. இதற்கு எப்படிப் பழகுவது?


பெரம்பூர்_அக்கா எழுதியது:

தம்பி, இது எனக்குப் பிடித்த பகுதி, அதனால் நான் சொல்கிறேன்.

பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் யாராக இருந்தாலும் லேட்தான். கண் பார்த்து விரல் அசைவதற்கே 0.2 விநாடிக்கு மேல் ஆகும், அப்புறம் கிளட்ச் கடித்து முன் சக்கரம் கோட்டிலிருக்கிற ஒளிக்கதிரை விட்டு நகர இன்னும் கொஞ்சம். ஸ்டார்ட் விளக்குக் கம்பத்தைத்தான் மரம் என்போம். சாதாரண மரத்தில் மூன்று மஞ்சள் விளக்கு 0.5 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக விழும், கடைசி மஞ்சளுக்கு அப்புறம் 0.5 விநாடியில் பச்சை. ஆகவே கடைசி மஞ்சள் எரிய ஆரம்பிக்கும்போதே கை விட ஆரம்பிக்க வேண்டும். புரோ மரம் என்றால் மூன்று மஞ்சளும் ஒரே நேரத்தில் எரிந்து 0.4 விநாடியில் பச்சை. எல்லாப் போட்டியிலும் ஒரே மாதிரி விளக்கு இருக்காது, காலையில் ரைடர் பிரீஃபிங் நடக்கும்போது எந்த முறை என்று கையைத் தூக்கிக் கேட்டுவிடு, கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. நீ ரியாக்‌ஷன் 0.350, ஓடின நேரம் 15.20. எதிராளி ரியாக்‌ஷன் 0.150, ஓடின நேரம் 15.35. வேகமாக ஓடினது நீதான், ஆனால் கூட்டிப் பார், உனக்கு 15.55, அவனுக்கு 15.50. அவன் ஜெயிப்பான். ஓடின நேரம் உன் சக்கரம் கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கும், நீ கோட்டில் தூங்கின நேரம் அதில் சேராது, பந்தயத்தில் சேரும்.

கோட்டில் நிற்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஸ்டேஜ் ஆவதற்கு, அதாவது ஸ்டார்ட் கோட்டில் சரியான இடத்தில் வந்து நிற்பதற்கு, இரண்டு கதிர், நடுவில் ஏழு அங்குலம். முதல் கதிரைத் தொட்டதும் ப்ரீஸ்டேஜ் விளக்கு, இரண்டாவதைத் தொட்டதும் ஸ்டேஜ். இரண்டாவது விளக்கு எரிந்த அந்த நொடியே நிறுத்தினால் கதிரை விட்டு வெளியேறச் சக்கரத்துக்குக் கொஞ்சம் ஓட்டம் கிடைக்கும், ஓடின நேரம் நன்றாக வரும், ரியாக்‌ஷன் லேசாகக் கூடும். இன்னும் உள்ளே தள்ளி நின்றால் ரியாக்‌ஷன் குறையும், சிவப்பு விழுகிற ஆபத்தும் கூடும். நீ புதுசு, முதல் விதத்தையே எடுத்துக்கொள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நில். இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று நின்றால் உன் ரியாக்‌ஷன் ஏன் மாறுகிறது என்று உனக்கே தெரியாது.

பயிற்சிக்கு மொபைலில் பிராக்டிஸ் ட்ரீ ஆப் கிடைக்கும். ஆனால் கட்டை விரலால் திரையைத் தட்டிப் பழகாதே. நிறுத்தின வண்டியில் ஹெல்மெட், கிளவுஸ் போட்டு உட்கார், மொபைலைக் கண் உயரத்தில் தூரமாக வை, மஞ்சள் விழும்போது நிஜமான கிளட்ச் லீவரை விடு, தோழன் ஒருவனை வீடியோ எடுக்கச் சொல், பிறகு மெதுவாக ஓடவிட்டுப் பார். எங்கள் பக்கம் பாக்ஸிங் பழகுகிற பிள்ளைகள் ரிங்கில் ஏறுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் நிழலோடு குத்துவார்கள், அதே வேலைதான் இது.

பக்கத்து லேனைப் பார்க்காதே. அவன் ஸ்டேஜ் ஆக நேரம் எடுத்தாலும், இன்ஜினைக் கத்தவிட்டாலும், உன் வரிசை மாறக்கூடாது. ஹெல்மெட் கண்ணாடியை மூடு, கியர், ப்ரீஸ்டேஜ், மூச்சு, ஸ்டேஜ், ஆர்பிஎம், விளக்கு. இதே வரிசை, தினமும்.


சோழவரம்_பழசு எழுதியது:

வட சென்னைப் பையன் டிராக் ரேஸ் கேட்கிறான் என்று பார்த்ததும் சந்தோஷம். நம்ம செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடக்கணக்கில் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகுதான் நமக்குத் தூரமாகிவிட்டது. சைக்கிளிலும் பஸ்ஸிலும் கூட்டம் கூட்டமாகப் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறோம். தம்பி, நீ ஓட்டுவதற்கு முன்னால் ஒரு மீட்டுக்குப் பார்வையாளனாகப் போ. ஸ்டார்ட் கோட்டுக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்து, ஜெயிக்கிறவனின் இடது கையை மட்டும் பார்.


கொருக்குப்பேட்டை155 எழுதியது:

கண்டிப்பாகப் போகிறேன் ஐயா. அக்கா, வீடியோ யோசனை சூப்பர், தம்பியைப் பிடித்து எடுக்கச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று, பெயர் கொடுக்க என்ன என்ன வேண்டும்?


ஸ்டேஜ்லைட் எழுதியது:

எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) தருகிற போட்டி லைசென்ஸ் வேண்டும், அதற்கு மருத்துவச் சான்றும் கேட்பார்கள். தோல் சூட், முழு முக ஹெல்மெட், கிளவுஸ், கணுக்காலுக்கு மேல் வருகிற பூட்ஸ், முதுகுப் பாதுகாப்பு. எக்ஸாஸ்ட்டுக்கு வைத்திருந்த காசை இதில் போடு. சூட் உடனே வாங்க முடியாவிட்டால் ஓட்டுகிற பையன்களிடம் வாடகைக்கோ இரவலாகவோ கேட்டுப் பார், ஆனால் உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் வேண்டாம், விழுந்து வழுக்கும்போது சுருண்டு மேலே ஏறிவிடும்.

நோட்டு ஒன்று போடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆர்பிஎம் எவ்வளவு வைத்தாய், 60 அடி எவ்வளவு, ரியாக்‌ஷன் எவ்வளவு, டயர் காற்று, வெயிலா மேகமா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஆர்பிஎம்மை 500 ஏற்றினால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். முதல் மீட் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடு, 60 அடி நேரத்தைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.